இரண்டாம் பக்கம்

மார்ச் 4

இருபத்திரண்டு வாரம். டாக்டரம்மாவைப் பார்க்கப் பெஞ்சில் இரண்டு மணி நேரம், உள்ளே பத்து நிமிடம். எடை சரி, ரத்த அழுத்தம் சரி, குழந்தையின் இதயத்துடிப்பு சரி. சரியில்லாதது நான் ஒருத்திதான். கால் வீங்கியிருக்கிறது, தூக்கம் போதவில்லை, வீட்டில் மூன்று வயது வாலு ஒன்று இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. இதையெல்லாம் எழுத அவருடைய கார்டில் கட்டம் இல்லை.

போன மாதத்திலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை இன்று கேட்டுவிட்டேன். வாலு ஆபரேஷனில் பிறந்தவள். இந்த முறை தானாக வலி வந்து பெற்றுக்கொள்ள முடியுமா?

முடியாது என்று முகத்தில் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "முயற்சி பண்ணலாம்மா. நிறைய பேருக்கு நல்லபடியா ஆகுது. ஆனா போன தடவை கர்ப்பப்பையை எப்படி வெட்டினாங்கன்னு எனக்குத் தெரியணும்."

வயிற்றில் குறுக்கே கோடு தெரிகிறதே என்றேன்.

"அது தோல்ல போட்டது. உள்ளேயும் அப்படித்தான் போட்டிருப்பாங்கன்னு சொல்ல முடியாது. அடியில குறுக்க வெட்டியிருந்தா பெரும்பாலும் வலியைத் தாங்கும். மேல் பக்கமா வெட்டியிருந்தா வலி வரும்போது தழும்பு பிரியலாம். பிரிஞ்சா ரெண்டு உயிருக்கும் ஆபத்து."

பழைய ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய தாளை நீட்டினேன். லேமினேஷன் செய்து பளபளவென்று இருக்கிறது. முன்பக்கம் படித்தார், திருப்பிப் பின்பக்கம் படித்தார், மறுபடி முன்பக்கம் வந்தார். "முன்னாடி அடியில 'மூன்றில் ஒன்று'ன்னு இருக்கு. பின்னாடி 'மூன்றில் மூன்று'. ரெண்டாவது எங்க? ஆபரேஷன் விவரம் அதுலதான் இருக்கும்."

எனக்கும் இன்றுதான் கண்ணில் பட்டது. மூன்று வருடமாக வைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவளின் கண் லட்சணம் இது.

மார்ச் 5

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அன்னைக்குக் கொடுத்தது அவ்வளவுதான்" என்றார்.

மார்ச் 11

வீட்டைத் தலைகீழாகப் புரட்டியாயிற்று. எங்கள் வீட்டில் தாள் தேடுவது சுலபம் என்று யாரும் நினைக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் கையில் சிக்கிய தாள் எதுவும் தாளாகத் திரும்பி வந்ததில்லை. கல்யாணச் சான்றிதழ், என் பள்ளிக்கூட மதிப்பெண், துவைக்கும் மெஷினின் உத்தரவாதச் சீட்டு, வாலு முதன்முதலில் கிறுக்கிய கிறுக்கல், எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் சட்டை போட்டுவிட்டார். வாலுவின் தடுப்பூசி அட்டையையும் விடவில்லை. அடுத்த ஊசிக்குப் போனபோது நர்ஸ் பேனாவை வைத்து எழுதி எழுதிப் பார்த்து, "இதுல எப்படிங்க எழுதறது" என்று என்னை முறைத்தார். கடைசியில் ஒரு துண்டுச் சீட்டை அதன் மேல் ஒட்டிக் கொடுத்தார். அந்த ஒட்டிய சீட்டையும் சேர்த்து இவர் மறுபடி லேமினேஷன் பண்ணப் பார்த்தார். பிடுங்கி வைத்தேன்.

இன்று அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டபோது, சறுக்கிச் சறுக்கித் தரை முழுக்கப் பரவிவிட்டன. வாலு மேலே உட்கார்ந்து வழுக்கி விளையாடினாள். இரண்டாம் பக்கம் மட்டும் இல்லை.

குனிந்து எழுந்ததில் இடுப்பு போயிற்று.

மார்ச் 22

அவர் இன்று பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். அங்கே ஆஸ்பத்திரியே இல்லை. கீழ்த் தளத்தில் சோபா விற்கிறார்களாம். விற்பனைக்காரர் இவரை உட்காரச் சொல்லி, சாய்ந்து பாருங்க சார் என்றாராம். எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய ஃபைல்கள் ஒரு லாரியில் போனதைப் பார்த்ததாகக் காவலாளி சொன்னாராம்.

"எந்த இடத்துல ஆபரேஷன் தியேட்டர் இருந்துச்சோ அங்க மெத்தை அடுக்கியிருக்காங்க" என்றார். நான் சிரித்தேன். சிரித்தால் அடிவயிறு இழுக்கிறது.

ஏப்ரல் 8

இருபத்தேழு வாரம். டாக்டரம்மா சொல்லிவிட்டார்: தாள் கிடைக்காவிட்டால் ஆபரேஷன்தான், தெரியாத தழும்பை நம்பி இறங்க மாட்டேன் என்று. தப்பில்லை. அவர் கையெழுத்துப் போட வேண்டியவர்.

கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. லென்ஸை ஃப்ரேம் அளவுக்குத் தேய்க்கும் மெஷினுக்கு முன்னால் நாற்காலி போட்டால் கை எட்டாது, நின்றால் வயிறு இடிக்கிறது. முதலாளி பக்கவாட்டில் நிற்கச் சொல்லிப் பாடம் எடுத்தார், வயிறு சுமந்து பழகியவர் போல. பிறகு அவரே எங்கிருந்தோ ஒரு உயரமான ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். நல்ல மனுஷன்தான்.

ஆபரேஷன் வேண்டாம் என்று ஏன் இப்படி நிற்கிறேன்? எழுதிப் பார்க்கிறேன். போன முறை தையல் சீழ் பிடித்து ஒன்றரை மாதம் படுக்கை. குழந்தையைத் தூக்க முடியாமல், அழும் குழந்தையைப் பார்த்து நானும் அழுதேன். இப்போது தூக்க இரண்டு பேர். வீட்டுக்காரரால் நான்கு நாளுக்கு மேல் கடையைப் பூட்ட முடியாது. அப்பா இடுப்பெலும்பு உடைந்து கிடப்பதால் அம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இங்கே இருக்க முடியாது.

இது எல்லாமே உண்மை. ஆனால் எல்லாம் இல்லை.

வாலு பிறந்த ஐந்தாம் நாள், பார்க்க வந்த யாரிடமோ அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் முக்கியிருந்தா வந்திருக்கும். இவளுக்குப் பொறுமை பத்தல." நான் தூங்குவதாக நினைத்துச் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மூன்று பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றவள், அவளுக்குத் தோன்றியதைச் சொன்னாள். எனக்குத்தான் அது தையல் ஆறிய பிறகும் ஆறவில்லை.

ஏப்ரல் 9

அன்றைக்கு எவ்வளவு நேரம் முக்கினேன்? எனக்கே ஞாபகமில்லை. காய்ச்சலில் எல்லாம் கலங்கிக் கிடக்கிறது. அம்மா சொல்வதுதான் சரியோ?

ஏப்ரல் 29

இன்று வேறு ஆஸ்பத்திரி. அவர் வேண்டாவெறுப்பாகத்தான் கூட வந்தார். சின்ன வயசு டாக்டர், சிரித்த முகம். தழும்பைப் பார்த்தார், ஸ்கேன் பார்த்தார். "குறுக்குத் தழும்புதானே. பத்துக்கு ஒன்பது பேருக்கு உள்ளேயும் அப்படித்தான் இருக்கும். மூணு வருஷ இடைவெளி இருக்கு. முயற்சி பண்ணலாம். ஆபரேஷன் வசதி பக்கத்துலயே இருக்கு. பழைய தாள் கிடைச்சா கொண்டு வாங்க."

கிடைக்காவிட்டால்?

"பார்த்துக்கலாம்."

எத்தனை நாளாயிற்று யாராவது என்னிடம் பார்த்துக்கலாம் என்று சொல்லி. அங்கேயே பெயர் பதிந்துவிட்டு வந்தேன். வீட்டு வாசலில் அவர், "அந்தப் பத்தாவது ஆள் நீயா இருந்தா?" என்றார். வாயைக் கழுவுங்கள் என்றேன்.

மே 6

அம்மா போன் பண்ணினாள். புது டாக்டரைப் பற்றிச் சொன்னதும் குரலே மாறிவிட்டது. "இந்தத் தடவை விட்டுடாதடி. பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒரு மூச்சு அதிகமா முக்கு. வந்துடும்."

சரிம்மா என்றேன்.

மே 14

களைப்பு. எழுத ஒன்றுமில்லை. வாலு தூக்கச் சொல்லி அழுதாள், தூக்கினேன். தூக்கக் கூடாதுதான்.

மே 20

முப்பத்து மூன்று வாரம். வரிசையாக எழுத முயல்கிறேன்.

நாளை புது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததால் பழைய தாளையும் பையில் வைத்திருந்தேன். கடையில் மதியச் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸை எடுக்கும்போது அதையும் எடுத்து ஓரமாக வைத்தேன். வைத்த இடம், லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் விளக்குப் பலகை. பால் நிறக் கண்ணாடி, அடியில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தாளில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. முன்பக்கம் தெரிகிறது. பின்பக்கம் இடவலம் மாறித் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று. அதில் முன்பக்கத்தில் இல்லாத கோடு போட்ட படம்.

விரலால் ஓரத்தைத் தடவினேன். தடியாக இருந்தது. லேமினேஷன் தாள் தடியாகத்தானே இருக்கும் என்று மூன்று வருடமாக நினைத்திருக்கிறேன்.

ஃப்ரேம் வேலைக்கு வைத்திருக்கும் பிளேடால் நான்கு ஓரமும் நறுக்கினேன். மேல் உறையோடு முதல் தாள் தனியாக வந்தது, கீழ் உறையோடு மூன்றாம் தாள் வந்தது. நடுவில் ஒரு தாள், எதிலும் ஒட்டாமல், மடிப்புகூட இல்லாமல், புத்தம் புதிதாக விழுந்தது.

மூன்றில் இரண்டு.

படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்தது போதும். கர்ப்பப்பை முழுதாகத் திறந்த பின் தாய் இரண்டரை மணி நேரம் முக்கினார். தாயின் ஒத்துழைப்பு நன்று. குழந்தையின் தலை திரும்பிய நிலையில் இடுப்புக்குள் இறுகி மாட்டியிருந்தது. அடியில் குறுக்காகப் போட்ட வெட்டு போதாமல், நடுவிலிருந்து மேல்நோக்கி நீட்டப்பட்டது. படமும் இருக்கிறது: ஒரு படுக்கைக் கோடு, அதன் நடுவிலிருந்து மேலே ஒரு கோடு. கடைசி வரிக்கு அடிக்கோடு: அடுத்த கர்ப்பத்தில் பிரசவ வலி வர விடக் கூடாது. வலி வரும் முன்பே, முப்பத்தேழாவது வாரத்தில் ஆபரேஷன்.

முதலாளி வந்து, என்னம்மா கண்ணுல தூசியா என்றார். ஆமாம் என்றேன்.

மே 21

புது ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அசதி என்று அவரிடம் சொன்னேன். தாள் பைக்குள்ளேயே இருக்கிறது.

யாருக்கும் தெரியாது. அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. இப்படி ஒரு தாள் இருப்பதே யாருக்கும் தெரியாது. நடுவில் வைத்து மறுபடி ஒட்டிவிட்டால் முடிந்தது. புது டாக்டர் பார்த்துக்கலாம் என்றார். பத்துக்கு ஒன்பது என்றார். ஒரே ஒரு தடவை, என் உடம்பு, எனக்காக... இவ்வளவு தூரம் வந்துட்டு இப்ப போய் இதைக் காட்டணுமா? ஏன் காட்டணும்? மூணு வருஷம் ஒளிஞ்சிருந்த சனியன் இன்னும் ஒரு மாசம் ஒளிஞ்சிருந்தா என்ன?

எழுதியதைப் படித்தால் எனக்கே பயமாக இருக்கிறது. கோடு போட்டு அடிக்க மாட்டேன். இருக்கட்டும்.

மே 22

வாலு என் வயிற்றில் காதை வைத்து, "பாப்பா, வெளிய வந்தப்புறமும் அம்மா என்னைத் தூக்குவாங்க. நீ அழக் கூடாது" என்று பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குப் போன் போட்டு அந்த ஒரு வரியைப் படித்துக் காட்ட வேண்டும் போல் இருக்கிறது. இரண்டரை மணி நேரம். ஒத்துழைப்பு நன்று. மூன்று வருடம் எனக்கு வேண்டியிருந்தது அந்த வரிதான். ஆனால் அதைப் படித்தால், இது எங்கே கிடைத்தது, வேறு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பாள். மேல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு அடி வரியை விட்டுவிட முடியாது. இரண்டும் ஒரே தாளில் ஒரே கையெழுத்துப் போட்டு இருக்கின்றன. மேலே எழுதியது உண்மை என்றால் கீழே எழுதியதும் உண்மை.

மே 23

சொல்லிவிட்டேன்.

கடைக்கே போனேன். கூட்டம் இல்லாத மதியம். இரண்டு உறையையும் நடுத் தாளையும் அவர் முன்னால் வைத்தேன். முதலில் புரியவில்லை. பிறகு உறைகளைக் கையில் எடுத்துக் கட்டை விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

வாலுவோடு நாங்கள் வீடு வந்த அன்று மழையாம். ஈரக்காற்றில் தாள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்திருக்கிறது. "எல்லாம் இதுலயே எழுதியிருக்கு, பத்திரமா வெச்சுக்கங்க"ன்னு நர்ஸ் சொன்னாங்க, அதான் நேரா கடைக்குப் போய் முதல் வேலையா இதைப் பண்ணேன் என்றார். முன்னால் ஒரு தாள், பின்னால் ஒரு தாள் என்றுதான் நினைத்தாராம். "ஒரு நாளைக்கு நூறு தாள் தொடறவன். தடிமன் அப்பவே கையில தெரிஞ்சிருக்கணும்."

திட்ட வேண்டும் என்று போனவள் நான். பஸ்ஸில் வரும்போதே எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் மெஷினை அணைத்துவிட்டு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவதற்குத் தெம்பும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன். மூன்று நாள் ஒளித்து வைத்திருந்ததையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

யாரோ ஜெராக்ஸ் எடுக்க வந்தார்கள். மெஷின் ரிப்பேர் என்றார்.

மே 25

டாக்டரம்மா பக்கத்தை இரண்டு முறை படித்தார். "இது கிடைச்சது உங்க நல்ல நேரம்மா" என்றார். எனக்கு நல்ல நேரமாகத் தெரியவில்லை என்றேன். அவர் கோபிக்கவில்லை. தாளை மேஜையில் வைத்து, படத்தில் இருந்த மேல்கோட்டைப் பேனா முனையால் காட்டினார். வலி வரும்போது இழுபடுகிற இடம் இதுதானாம். தேதி குறித்தார். ஜூன் 17. அதற்கு முன் வயிறு லேசாக இறுகினாலும் உடனே வந்துவிட வேண்டும், யோசிக்கக் கூடாது.

புது ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணி இனி வரமாட்டேன் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். அந்த டாக்டரே பேசினார். "நல்லவேளை சொன்னீங்க" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

வருத்தம் இருக்கிறது. மறைப்பானேன். ஒரு விடியற்காலையில் இடுப்பு வலித்து, அவரை எழுப்பி, நேரமாயிடுச்சு கிளம்புங்க என்று சொல்வது இனி எனக்கு இல்லை.

மே 31

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுப் பக்கத்தையும், மேலிருந்து கீழே வரை, நிறுத்தாமல்.

"ரெண்டரை மணி நேரமா" என்றாள் அம்மா.

ஆமாம்மா.

"நான் ஒருத்தருக்கும் அவ்வளவு நேரம் முக்கினதில்லடி." பிறகு, "அன்னைக்கு நான் அப்படிப் பேசினது உன் காதுல விழுந்துச்சா?"

விழுந்தது என்றேன். மூன்று வருடத்தில் முதல் முறையாக அம்மா அழுவதைக் கேட்டேன். அப்பாவின் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

ஜூன் 10

அவர் இரண்டு படி வைத்த சின்ன ஸ்டூல்கள் இரண்டு செய்து கொண்டுவந்திருக்கிறார். கட்டில் பக்கம் ஒன்று, சாப்பாட்டு மேஜை பக்கம் ஒன்று. வாலு தானே ஏறி என் பக்கத்தில் வந்து உட்காரப் பழகுகிறாள். தூக்க வேண்டாம். பத்து முறை ஏறி இறங்கினாள். பதினோராவது முறை, "கால் வலிக்குது, தூக்கு" என்றாள்.

ஜூன் 16

பை கட்டியாயிற்று. இன்றும் வலி வரவில்லை. ஒவ்வொரு நாளும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், வேண்டிக்கொள்ளும்போதே அழுகை வந்தது. நாளைக் காலை.

ஜூன் 19

பெண். இரண்டு கிலோ எண்ணூறு. மூக்கு அவரைப் போல. நேற்று முழுக்க மயக்கமும் வலியுமாகப் போயிற்று, இன்றுதான் பேனா பிடிக்கிறேன்.

காலையில் டாக்டரம்மா தையலைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டுப் போகாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"உள்ளே திறந்ததும் வெட்டவே யோசிச்சேன்மா. பழைய தழும்பு மேல்பக்கம் அவ்வளவு மெலிசா போயிருந்துச்சு. அது வழியா பாப்பாவோட தலைமுடி எனக்குத் தெரிஞ்சுது. கறுப்பா, ஈரமா."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். போன பிறகு குழந்தையின் தலையைத் தொட்டுப் பார்த்தேன். நிறைய முடி. அந்த மூன்று நாள் அந்தத் தாள் என் பைக்குள் இருந்தது.

ஜூன் 24

வீடு. அம்மா வந்திருக்கிறாள். சின்னவளைக் குளிப்பாட்டித் துடைத்து என் பக்கத்தில் கிடத்திவிட்டு, நீ எழுந்திருக்காதடி என்று நூறு தடவை சொல்கிறாள். வாலு படி ஏறி வந்து மறுபக்கம் படுத்துக்கொண்டாள். நடுவில் நான், இருமக்கூட பயம். தும்மல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடிக்கிறேன். ஆனால் இந்த முறை தையலில் சீழ் இல்லை.

மாலையில் அவர் ஆஸ்பத்திரிக் கணக்கை முடித்துவிட்டு, கொடுத்த தாளை வாங்கி வந்தார். சாதாரண ஃபைலில், ஒரு கிளிப் போட்டு. பிளாஸ்டிக் சட்டை இல்லை. என்னங்க, கை அரிக்கலையா என்றேன்.

"எண்ணிக்கோ" என்றார்.

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டாம் பக்கத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய் நின்று, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பாதியிலேயே நான் தூங்கிவிட்டேன்.